‘அவர் நோயுற்றிருக்கிறார்’ — பல்கலைக் கழகத் தேர்வும் உதுரும்

தொழுகையில் நிற்பது பர்ளு. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ வேண்டும்; உட்காரவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்துத் தொழ வேண்டும்; உடலை அசைக்கவும் வலுவற்றவர் சைகையால் தொழ வேண்டும். ஓதப் பள்ளிக்குச் செல்லும் சிறு பிள்ளையும் அறிந்த சட்டம் இது. இதனுள் பொதிந்து கிடக்கும் நுட்பத்தைத்தான் நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதில்லை. நோயாளிக்குத் தொழுகை தள்ளுபடியாகிவிடவில்லை. தொழும் முறை அவருடைய நிலைக்கேற்ப வளைந்து கொடுக்கிறது. கடமை வேறு, அக்கடமையை நிறைவேற்றும் முறை வேறு என்று பிரித்துணர்ந்த நம் சட்டக் கலை இமாம்கள், எந்தெந்த நிலையில் முறை மாறலாம் என்பதை ‘உதுரு’ என்னும் ஒரே சொல்லின் கீழ் வகுத்து வைத்தார்கள். பயணம் போனவரும் நோயுற்றவரும் ரமளான் நோன்பைப் பின்னொரு நாளில் களாச் செய்யலாம். தள்ளாத முதியவர் ஃபித்யாக் கொடுக்கலாம். நெடும் பயணத்தில் நான்கு ரக்அத்து இரண்டாகச் சுருங்கும். ஆனால், பாவம் செய்வதற்கென்றே புறப்பட்ட பயணத்துக்கு அச்சலுகை இல்லையென்று நம் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கறாராகக் கூறிவிடும். சலுகை தருவதோடு, சலுகை எங்கே முடிகிறது என்று சொல்வதும் சட்டத்தின் வேலையன்றோ!

இவ்வளவு தெளிவாக நம்மவர் பேசிய இந்தப் பொருளை மேனாட்டுப் பல்கலைக் கழகங்கள் எப்போது பேசத் தொடங்கின, எவ்வாறு பேசின என்பதை இக்கட்டுரையில் ஒரு சிறிது பார்ப்போம். பார்க்க வேண்டிய தேவையும் உண்டு. நம் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் இங்கிலாந்து சென்று பயில்கிறார்கள். அங்கே அவர்கள் கையில் தரப்படும் விதிப் புத்தகத்தில், தேர்வுக் காலத்தில் மாணவருக்கு நேரும் நோய், தாய் தந்தையர் மரணம், மனச் சோர்வு முதலிய இடர்களைப் பற்றி ஒரு தனிப் பகுதியே இருக்கும். பெரும்பாலோர் அதனைப் படிப்பதில்லை. இடர் வந்து வாசலில் நின்ற பிறகு படிக்கும்போது, விண்ணப்பிக்க வேண்டிய நாள் கடந்து போயிருக்கும்.

தேர்வு என்ற ஒன்று கல்வியோடு கூடவே பிறந்ததன்று. நம் மதரஸாக்களின் பொற்காலத்தில் மாணவருக்கு ‘இஜாஸத்’ வழங்கியவர் ஆசிரியர். ஒரு குறிப்பிட்ட கிதாபை இன்னாரிடம் ஓதி முடித்தார், அதனைப் பிறருக்கு ஓதிக் கொடுக்கத் தகுதி பெற்றார் என்று அவர் தம் கையால் எழுதிக் கொடுப்பார். மாணவரின் குரலும் உடல்நிலையும் வீட்டு நிலையும் ஆசிரியர் அறிந்தவை. ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தவர் மறுமாதம் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அங்கே உதுரைச் சொல்ல விண்ணப்பத் தாள் வேண்டியிருக்கவில்லை. ஆசிரியரின் தயவொன்றையே நம்பிய முறை என்பதால் அதற்கும் குறைகள் உண்டு. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவுகூர வேண்டும். பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் 1091ஆம் ஆண்டு முதல் பேராசிரியராக வீற்றிருந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). நூற்றுக்கணக்கான மாணவர் சூழ அமர்ந்து பாடம் சொன்ன அப்பெருமகனாருக்கு ஹிஜ்ரி 488இல், அதாவது 1095இல், ஏறத்தாழ ஆறு திங்கள் நீடித்த பெரும் மனப் போராட்டம் ஏற்பட்டது. முடிவில் ஒருநாள் நாவு எழவில்லை. மாணவரின் மனம் மகிழவேனும் ஒருநாள் பாடம் சொல்லிவிட வேண்டுமென்று முயன்றும் ஒரு சொல்லும் வெளிவரவில்லை என்று அவர்களே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். உணவு செல்லவில்லை, உடல் தளர்ந்தது. இது உள்ளத்தில் தோன்றி உடலில் இறங்கிய நோய், உள்ளம் ஆறினாலன்றி இதற்கு மருந்தில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். நாவின் ஊமையை மனத்தின் நோயாகக் கண்ட அந்த மருத்துவர்களின் கூர்மை வியக்கத்தக்கது. இமாம் அவர்கள் பதவியைத் துறந்து சிரியா நோக்கிப் புறப்பட்டார்கள். பின்னர் அவர்கள் தந்த ‘இஹ்யா’வை நாம் அறிவோம். இந்த நாவெழாத நாளை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்; கட்டுரையின் இறுதியில் இங்கே மீண்டும் வர வேண்டியிருக்கும்.

முகமறியாத் தேர்வினைப் பேரளவில் நடத்திக் காட்டியது சீனம். சோங் பேரரசர் காலத்திலேயே விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டினார்கள். கையெழுத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாகாது என்பதற்காக, விடையை வேறொருவரைக் கொண்டு படியெடுத்துத் திருத்துவோரிடம் கொடுத்தார்கள். ஆள் பார்த்து மதிப்பெண் போடும் தீமை இதனால் குறைந்தது. ஆளைப் பார்க்காத தேர்வு ஆளின் துயரையும் பார்க்காது என்பதும் உண்மையே. சீனத்தில் இதற்கு விசித்திரமான எதிர்முகம் ஒன்றிருந்தது. தாய் தந்தையரை இழந்து துக்கம் காக்கும் 27 மாதங்களுக்குள் ஒருவர் தேர்வெழுதவே கூடாது. நாம் இன்று சலுகைக்குக் காரணமாகக் கொள்ளும் துக்கம், அங்கே தடைக்குக் காரணமாயிற்று! பெற்றோர்க்குச் செய்யும் மரியாதை என்ற அளவில் அதன் கருத்து உயர்ந்ததே. ஆயினும் ஏழை மாணவனின் அடுத்த வாய்ப்பு ஆண்டுகள் தள்ளிப் போயிருக்கும். 1905இல் அத்தேர்வு முறையே ஒழிந்தது.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் பழைய வாய்மொழி வாதங்கள் மெல்ல மெல்ல எழுத்துத் தேர்வுக்கு வழிவிட்டது 18ஆம் நூற்றாண்டில். ‘ட்ரைபாஸ்’ என்று பெயர் பெற்ற அக்கணிதத் தேர்வில் தேறியோரை முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசையிட்டு வெளியிட்டார்கள். முதல் வகுப்பினருக்கு ‘ராங்லர்’ என்று பட்டம். ‘ராங்லர் பராஞ்சபே’ என்ற பெயரை நம் முந்தைய தலைமுறை நன்கறியும். 1899இல் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட இந்தியர் அவர். தேர்வு ஜனவரி மாதக் கடுங்குளிரில் பல நாட்கள் நடைபெறும். அந்த ஒரு வாரத்தில் கிடைக்கும் வரிசை எண், ஒருவர் வாழ்நாள் முழுதும் அவருடைய பெயருக்கு முன்னே நடந்து செல்லும். அந்த வாரத்தில் காய்ச்சல் வந்தால்?

அதற்கென அங்கே ஒரு லத்தீன் சொல் இருந்தது: ‘ஈக்ரோடட்’. ‘அவர் நோயுற்றிருக்கிறார்’ என்பது பொருள். முதலில் அது ஒரு சீட்டின் பெயர். வகுப்புக்கும் தேவாலய வழிபாட்டுக்கும் வர இயலாத மாணவருக்காகக் கொடுக்கப்பட்ட நோய்ச் சான்று அது. அதனைப் பொய்யாகப் பெற்றுப் படுக்கையில் சுகமாய்த் துயின்றவர்களும் உண்டு என்பதைச் சொல்லவா வேண்டும்! பின்னர் அச்சொல் தேர்வுக்கும் ஏறியது. இறுதித் தேர்வை நோயால் எழுத இயலாது போன மாணவர், எழுதியிருந்தால் தேறியிருப்பார் என்று தேர்வாளர் நம்பினால், வகுப்பு எதுவும் குறிப்பிடாமல் பட்டம் வழங்கலாம். அதற்கு ‘ஈக்ரோடட் பட்டம்’ என்று பெயர். பிரிட்டிஷ் பல்கலைக் கழகங்கள் பலவற்றின் விதிகளில் இன்றும் அச்சொல் உயிரோடிருக்கிறது. நோயாளிக்கும் பயணிக்கும், அவர்கள் நலமாய் ஊரில் இருந்தபோது வழக்கமாய்ச் செய்துவந்த அமல்களின் நன்மை எழுதப்படும் என்ற கருத்துடைய ஹதீஸ் ஒன்று புகாரியில் உள்ளது. அதனை ஓதியவர்களுக்கு இந்த லத்தீன் சொல்லின் கருத்து அந்நியமாய்த் தோன்றாது. ஆனால் ஒரு வேற்றுமை: இறைவன் உள்ளத்தை அறிவான், தேர்வாளரோ காகிதத்தைத்தான் அறிவார்.

உடலின் நோய்க்கு இவ்வாறு வாசல் திறந்து வைத்த அதே பல்கலைக் கழகம் வேறொரு வாசலை இறுக அடைத்திருந்தது. ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் என்னும் கணித மேதையின் வரலாறு இதனைக் காட்டும். லண்டனில் 1814இல் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்த அவர் 1831இல் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். நீண்ட நோய் அவரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருத்தியது. அதற்காக அவரை எவரும் தள்ளிவிடவில்லை. திரும்பி வந்தார், தொடர்ந்து பயின்றார், 1837இல் தேர்வெழுதி இரண்டாம் ராங்லராக வந்தார். வந்து என்ன? பட்டம் பெற வேண்டுமாயின் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கைகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். யூதரான அவர் மறுத்தார். பட்டம் இல்லை. 1841இல் அயர்லாந்தின் டப்ளின் நகர்ப் பல்கலைக் கழகம் அவருக்குப் பட்டம் தந்தது. கேம்பிரிட்ஜ் தன் பட்டத்தை அவருக்கு வழங்கியது 1872இல். சமயச் சோதனைகளை நீக்கிப் பாராளுமன்றம் 1871இல் சட்டம் இயற்றிய பிறகு, தேர்வெழுதி 35 ஆண்டுகள் கழிந்த பிறகு! உடல் இயலாமையை உதுராக ஏற்ற விதி, உள்ளத்தின் நேர்மையை உதுராக ஏற்கவில்லை. வேற்றுச் சமயத்தாருக்கு நேர்ந்ததுதானே என்று நாம் இதனைக் கடந்துவிடக் கூடாது. அந்தக் கையொப்பம் நீடித்திருந்தால், 1905இல் டிரினிடி கல்லூரியில் காலடி வைத்த அல்லாமா இக்பாலுக்கும் அதே கதிதான்.

இக்பால் அவர்கள் சேர்ந்தது ‘மேல்நிலை மாணவர்’ என்ற முறையில். வேறு பல்கலைக் கழகத்தில் பயின்று வந்தவர், கேம்பிரிட்ஜின் வழக்கமான தேர்வுகளை எழுதாமல், ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைக் கொடுத்துப் பட்டம் பெறலாம் என்று 1895இல் வகுத்த வழி அது. அறிவியல் மேதை ரூதர்ஃபோர்டு அவ்வழியே முதலில் வந்தவர்களுள் ஒருவர். இக்பால் 1907இல் அவ்வாறே பி.ஏ. பட்டம் பெற்றார்கள். அதே ஆண்டில், பாரசீகத்தில் மெய்ப்பொருளியல் வளர்ந்த வரலாற்றைப் பற்றிய ஆய்வை ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக் கழகத்திற்குச் சமர்ப்பித்தார்கள். அங்கேயே குறிப்பிட்ட காலம் தங்கிப் பயில வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து அவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. ஆய்வை ஆங்கிலத்தில் எழுதித் தரவும் இசைவு கிடைத்தது. வாய்மொழித் தேர்வு மட்டும் ஜெர்மன் மொழியில் நடந்தது. தத்துவ ஆராய்ச்சியின் தரத்தில் மியூனிக் எதனையும் விட்டுக் கொடுக்கவில்லை. தங்குமிடத்தையும் எழுதும் மொழியையும் விட்டுக் கொடுத்தது. கடமையையும் முறையையும் பிரித்தறிந்த செயல் என்றே நாம் இதனைக் கொள்வோம்.

அவ்வாறு பிரித்தறியாவிடில் நேர்வதென்ன என்பதற்கு இங்கிலாந்தே ஓர் ஆளைத் தந்திருக்கிறது. அவர் பிரான்சிஸ் கால்ட்டன். டிரினிடி கல்லூரியில் 1840இல் சேர்ந்த இவர் மூன்றாம் ஆண்டில் உழைப்பின் மிகுதியால் நரம்பு தளர்ந்து நோயாளியானார். தலைக்குள் ஓர் ஆலை சுழல்வது போன்றிருந்ததாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ராங்லர் கனவைக் கைவிட்டு, 1844இல் சாதாரணப் பட்டம் ஒன்றைப் பெற்று வெளியேறினார். இவ்வளவு பட்டவர் தேர்வை வெறுத்திருப்பார் என்றுதானே நினைப்போம்? கால் நூற்றாண்டு சென்று, 1869இல், பரம்பரை அறிவாற்றலைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில், மனிதரின் இயற்கை அறிவு எவ்வளவு ஏற்றத்தாழ்வுடையது என்பதற்கு அவர் எடுத்துக்காட்டிய சான்றே அந்தக் கேம்பிரிட்ஜ் மதிப்பெண்கள்தாம்! முதலாமவர் 7,500க்கு மேல் பெறுகிறார், கடைசியில் நிற்பவர் 300ஐயும் எட்டவில்லை. ஆகவே இருவருடைய மூளைக்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவு என்று கணக்கிட்டார். அந்தக் கடைசி ஆள் அவ்வாரத்தில் நோயுற்றிருந்தாரா, அவருடைய தகப்பனார் இறந்திருந்தாரா என்ற கேள்வி அவருடைய கணக்கில் இல்லை. தாமே அந்தப் பட்டியலில் இல்லாதது ஏன் என்ற கேள்வியும் இல்லை. மனித இனத்தைப் பொறுக்கி வளர்க்க வேண்டும் என்னும் ‘யூஜெனிக்ஸ்’ கொள்கைக்குப் 1883இல் பெயர் சூட்டியவர் இவரே. மதிப்பெண்ணை மனிதனென்று கருதிய மயக்கம் எங்கே கொண்டு போய் விட்டது என்பதை 20ஆம் நூற்றாண்டின் வரலாறு சொல்லும். நாம் அதற்குள் புக வேண்டியதில்லை.

நம் மண்ணின் மைந்தர் ஒருவரும் இக்கதையில் வருகிறார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்த சீனிவாச ராமானுஜன், கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செலுத்தாமையால் அத்தொகையை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். மூன்று மாதத்தில் நோய் வந்தது, படிப்பு முறிந்தது. பிறகு எஃப்.ஏ. தேர்வை எழுதியபோது கணிதத்தில் தேறி, ஏனைய பாடங்களில் தவறினார். எல்லாப் பாடத்திலும் தேறியாக வேண்டும் என்பது விதி. இடையிலே மாணவர் படுக்கையில் கிடந்தாரா என்பது அவ்விதிக்குள் அடங்கிய கேள்வியன்று. நோய் வந்திராவிட்டால் அவர் தேறியிருப்பார் என்று நாம் அடித்துச் சொல்லவும் முடியாது. அவருடைய தோல்வியில் நோயின் பங்கு எவ்வளவு, பிடிவாதத்தின் பங்கு எவ்வளவு என்று எவரால் அளந்து கூற முடியும்? உதுரை விசாரிப்பவர்கள் அனைவருக்கும் உள்ள தலைவலி இதுவே. ஆனால் 1913இல் சென்னைப் பல்கலைக் கழகம், முதுகலைப் பட்டத்தினருக்கே உரியதாயிருந்த ஆராய்ச்சி உதவித்தொகையைப் பட்டமே இல்லாத இவருக்கு மாதம் 75 ரூபாயாக வழங்கியது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜும், வேண்டிய தகுதிச் சான்று இல்லாதிருந்தும், ஆராய்ச்சி மாணவராக ஏற்றது. 1916 மார்ச்சில் அவர் பி.ஏ. ஆனார். எஃப்.ஏ. தேறாதவர் பி.ஏ. ஆனதும், இரண்டே ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனதும் விதியை மீறிய அதிசயங்கள் என்று நாம் கொண்டாடுகிறோம். மேதைக்கு விதி வளைந்தது, நன்று. மேதையல்லாத சாதாரணப் பிள்ளை நோயில் விழுந்தால் வளைவதற்கு அந்நாளில் என்ன இருந்தது என்பதே நம் கேள்வி.

சாதாரணப் பிள்ளைக்கான ஏற்பாடுகள் பின்னால்தான் வந்தன, அதுவும் மெதுவாக. மாணவர் தொகை பல மடங்கு பெருகவே, பேராசிரியரின் நேரடி அறிமுகத்தை நம்பியிருக்க முடியாது போயிற்று. அதன் இடத்தில் குழுக்களும் படிவங்களும் வந்து அமர்ந்தன. இன்று ஒரு பிரிட்டிஷ் பல்கலைக் கழகத்தில் நடைமுறை ஏறத்தாழ இவ்வாறிருக்கும்: இடருற்ற மாணவர் குறித்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவர் சான்றோ வேறு ஆவணமோ இணைக்க வேண்டும். குழு கூடி ஆராய்ந்து, கட்டுரை ஒப்படைக்கும் நாளை நீட்டலாம். தேர்வைத் தள்ளி வைத்து, முதல் முறை எழுதுபவராகவே பின்னர் எழுதச் செய்யலாம். தவறிய தேர்வைக் கணக்கில் கொள்ளாது விடலாம். இடரைக் காரணம் காட்டி மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவதைப் பெரும்பாலான பல்கலைக் கழகங்கள் ஏற்பதில்லை. நோன்பைக் களாச் செய்யும் முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை நம்மவருக்கு எளிதில் புலப்படும். நோன்பைப் பின்னர் நோற்க வேண்டும். நோற்காததை நோற்றதாக எழுதிக்கொள்ள முடியாது. கேம்பிரிட்ஜில் இன்றும் இதற்கென ஒரு குழு உண்டு. நோயால் தேர்வெழுதாதவரை, வகுப்புக் குறிக்காமல், ‘மதிப்புக்குத் தகுதியுடையவர்’ என்று அறிவிக்கும் வழக்கமும் அங்கே உண்டு.

பல பல்கலைக் கழகங்கள் கைக்கொண்டிருக்கும் ஒரு விதி மட்டும் எமக்கு உறுத்துகிறது. தேர்வறைக்குள் வந்து அமர்ந்துவிட்டால், ‘நான் நலமாயிருக்கிறேன்’ என்று மாணவரே அறிவித்ததாகக் கொள்ளப்படும்; பிறகு நோயைக் காரணம் காட்ட முடியாது. தேர்வெழுதிப் பார்த்து, மதிப்பெண் குறைந்த பின் நோயைத் தேடிப் பிடிப்பவர்களைத் தடுக்க இது வந்தது. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் உள்ளம் நொந்தவருக்குத் தம் நிலையைத் தாமே எடைபோடும் தெளிவு எங்கிருந்து வரும்? தகப்பனார் ஜனாஸாவை அடக்கிவிட்டு, ‘வாப்பாவின் ஆசை இந்தப் படிப்புத்தானே’ என்று மறுநாளே தேர்வெழுதப் போகும் பிள்ளையை நம் ஊர்களில் நாம் பார்த்ததில்லையா? அந்தப் பிள்ளை நலமாயிருப்பதாக அறிவித்துவிட்டது என்று சொல்ல எந்த விதிக்கு மனம் வரும்!

இத்தகைய முறையீடுகளைக் கேட்பதற்கென்று இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பல்கலைக் கழகங்களுக்கு வெளியே நிற்கும் ஒரு சுதந்தர நடுவர் அலுவலகத்துக்கு 2004ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் வழி செய்தது. அவ்வலுவலகம் 2020 டிசம்பரில் இப்பொருள் பற்றியே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எல்லாவற்றுக்கும் ஆவணம் கேட்க வேண்டுமா, சில நேர்வுகளில் மாணவரின் சொல்லையே ஏற்கலாகாதா என்ற கேள்விகளை அது பல்கலைக் கழகங்களின் முன் வைத்தது. அந்த ஆண்டுதானே உலகமே நோயுற்றிருந்தது! கொரோனாக் கொள்ளை நோயால் தேர்வு மண்டபங்கள் பூட்டப்பட்டன. 2020ஆம் ஆண்டின் இளவேனிலில், நோய்க்கு முன்னர் மாணவர் பெற்றிருந்த சராசரிக்குக் கீழே அவருடைய முடிவு இறங்காது என்று பல்கலைக் கழகங்கள் பல உறுதியளித்தன. ஒவ்வொருவராக வந்து காரணம் சொல்ல வேண்டியதில்லை, காரணம் எல்லோருக்கும் பொது என்று ஒப்புக்கொண்ட செயல் அது.

ரமளானைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 முதல் சில ஆண்டுகள் ரமளான் மே, ஜூன் மாதங்களில் வந்தது. பிரிட்டனில் தேர்வுக் காலமும் அதுவே; அங்கே அப்போது பகல் 16 மணி நேரத்துக்கும் மேலானது. தேர்வு என்பது மட்டுமே நோன்பை விடுவதற்குரிய உதுரு ஆகாது என்பதே ஆலிம்களிற் பெரும்பாலோர் கொண்ட கருத்து. பல்கலைக் கழகமும் நோன்பை நோய்க்கு ஒப்பான இடராகக் கொள்வதில்லை. முன்னதாக அறிவித்தால் நேர அட்டவணையில் இயன்றதைச் செய்யும். இரு தரப்பு விதிகளும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நிற்கும் அந்த இடைவெளியில் நம் பிள்ளைகள் எழுதினார்கள். பெரும்பாலோர் நோன்போடுதான் எழுதியிருப்பார்கள்.

கடைசியாக, எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறோம். பிரிஸ்டல் பல்கலைக் கழகத்தில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு பயின்ற 20 வயது மாணவி ஒருவர் 2018 ஏப்ரல் 30ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். படிப்பில் சோர்ந்தவரல்லர். பிறர் முன் பேச நேர்ந்தால் பேரச்சம் கவ்வும் நோய் அவருக்கிருந்தது. ஆய்வுக்கூடப் பாடத்தில், செய்த சோதனையைப் பற்றி ஆசிரியர்கள் நேரில் வினவுவார்கள். வாயால் விடை சொல்ல வேண்டும். அவருக்கு நா எழவில்லை. சில நேர்காணல்களுக்கு அவர் வரவேயில்லை. வராததற்கு மதிப்பெண் குறைந்தது. அவர் இறந்த நாளில் அவருடைய குழுவினர், 329 இருக்கைகள் கொண்ட விரிவுரை மண்டபத்தில் தம் சோதனையை எடுத்துரைக்க வேண்டியிருந்தது.

பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். உடற்குறையும் உளக்குறையும் உடையவர்களுக்கு நியாயமான மாற்று ஏற்பாடு செய்து தர வேண்டும் என்பது அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம். அதே சட்டத்தில் ஒரு விலக்கும் உண்டு: மாணவர் அடைந்திருக்க வேண்டிய திறனின் அளவு எதுவோ, அதனை எவருக்காகவும் தளர்த்த வேண்டியதில்லை. வாயால் விளக்குவதும் அத்திறனில் அடங்கியதே என்பது பல்கலைக் கழகத்தின் வாதம். 2022 மே மாதத்தில் பிரிஸ்டல் மாவட்ட நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இயற்பியற் சோதனையைப் புரிந்து செய்தாரா என்பதே அளக்க வேண்டிய திறன்; வாயால் சொல்லச் சொல்வது அதனை அளக்கும் முறைகளுள் ஒன்று, எழுதித் தரச் சொல்வது இன்னொன்று. முறையை மாற்றித் தந்திருக்க வேண்டும், தரவில்லை என்று தீர்ப்பளித்து, 50,000 பவுனுக்கு மேற்பட்ட இழப்பீடு வழங்க ஆணையிட்டது. தீர்ப்பைப் படித்தபோது, நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்று ஓதப் பள்ளியில் உஸ்தாத் சொல்லித் தந்த பாடமே எம் காதில் ஒலித்தது.

பல்கலைக் கழகம் மேல்முறையீடு செய்தது. மாணவி முறைப்படி விண்ணப்பிக்கவில்லை, மருத்துவ ஆவணமும் தரவில்லை என்பது அதன் குறைகளுள் ஒன்று. 2024 பிப்ரவரி 14ஆம் நாள் உயர்நீதிமன்றம் அம்முறையீட்டைத் தள்ளியது. மாணவரின் சொல்லும் செயலுமே சான்றாகும் என்றும், நிலைமை கடுமையாயும் அவசரமாயும் இருக்கும்போது அந்தச் சான்றே போதியதாகலாம் என்றும் நீதிபதி கூறினார். மாணவர்களிடம் பல்கலைக் கழகத்துக்குப் பொதுவான பாதுகாப்புக் கடமை உண்டா என்ற பெரிய கேள்வியை மட்டும் அவர் முடிவு செய்யாது விட்டுவிட்டார். பக்தாதின் மருத்துவர்கள் இமாம் அவர்களின் எழாத நாவைப் பார்த்தே நோயை அறிந்தது 929 ஆண்டுகளுக்கு முன்னர். பிரிஸ்டலில் இத்தீர்ப்பு வந்தபோது, அம்மாணவி இறந்து ஆறாண்டு நிறைய இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.